மஞ்சள் பலகைக்கு அப்பால் பேசக் கூடாது

வருகிறவர்களை 'உஷ்' என்று அடக்குவதுதான் என் வேலை. மலேசியாவில், கிள்ளான் பக்கம், கடலோரச் சதுப்புக் காட்டில் ஒரு இயற்கைக் கல்வி மையம் இருக்கிறது. அங்கே பத்தொன்பது வருடமாக வருகையாளர் பொறுப்பு என்னுடையது. வாசல் பலகையில் பதினொரு விதிகள். தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். இலை பறிக்காதீர்கள், குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், மெல்லப் பேசுங்கள் என்று போகும். அந்த 'மெல்லப் பேசுங்க'ளுக்காகப் போன வருடம் ஒரு பெரியவரை, அவருடைய இரண்டு பேத்திகளின் கண்ணெதிரே, மரப்பாலத்திலிருந்து திருப்பி அனுப்பினேன். மூன்று தடவை சொல்லியும் அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. பதிவேட்டில் 'காரணம்: சத்தம்' என்று எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். மறுபடி அவரை நினைத்தது ஆரணியில்தான்.

ஆரணிக்குப் போனது சேலைக்காக. தங்கை மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலை ஆரணிப் பட்டாகத்தான் இருக்க வேண்டும், கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது என்று தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். மல்லிகா என்கிற நெசவுக்காரப் பெண்ணிடம் போனில் சொல்லி வைத்து மாதங்கள் ஆகியிருந்தன. நேரில் போய் வாங்கி வர ஓர் ஆள் வேண்டும். குடும்பத்தில் லீவு மிச்சம் வைத்திருந்தது நான் ஒருத்திதான். லீவு எடுக்கப் பயந்தே சேர்த்து வைத்திருந்தேன்.

பயம் என்னோடு கூடப் பிறந்தது. வயிற்றுக்கு மாத்திரை, வாந்திக்கு மாத்திரை, பூட்டு, பூட்டுக்கு இன்னொரு பூட்டு, மூன்று குப்பி பச்சைத் தைலம் எல்லாம் பையில் இருந்தன. எங்கள் ஊரில் ஐம்பது தாண்டிய பெண்கள் இந்தத் தைலம் இல்லாமல் வாசற்படி இறங்க மாட்டார்கள். தலைவலிக்கும் அதுதான், கொசுக்கடிக்கும் அதுதான், மனசு சரியில்லை என்றாலும் அதுதான்.

இத்தனை முன்னெச்சரிக்கையோடு வந்தும் முதல் நாளே பையைத் தொலைத்தேன். களம்பூரில் நெல் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் இன்ஜினை அணைத்தார்கள். எல்லோரும் இறங்கினார்களே என்று நானும் இறங்கித் தண்ணீர் வாங்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் பஸ் இல்லை. பை போய்விட்டது. பையோடு சேலையின் மாதிரித் துணியும் மாத்திரைகளும் போய்விட்டன.

அரிசி மில்லில் வேலை செய்யும் ஒரு அம்மா, முந்தானையெல்லாம் உமியோடு, என் கையைப் பிடித்தார். "இன்னாத்துக்கு அழுவுற மாரி நிக்கிறீங்க? பை எங்கயும் போவாது. ஆரணி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பராண்ட குடுத்துடுவாங்க. ஜல்தியா ஆட்டோல ஏறுங்க." ஷேர் ஆட்டோவில் ஒரு தவிட்டு மூட்டைக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். பை அங்கேதான் இருந்தது. அதன்மேல் யாரோ சாப்பாட்டுக் கேரியரை வைத்திருந்தார்கள்.

"உள்ள இன்னா கீது, சொல்லிட்டு எடுத்துனு போங்க" என்றார் டைம் கீப்பர். சொன்னேன். தைலம் மூன்று குப்பி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கடை போடப் போறீங்களாம்மா?" எங்கள் ஊரில் தொலைந்த பைக்கு மூன்று படிவம் நிரப்ப வேண்டும். இங்கே ஒரு சிரிப்போடு முடிந்தது.

மல்லிகா வீட்டு வாசலில் என்னை வரவேற்ற குரல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "வாங்கக்கா! பஸ்ஸு பேஜார் பண்ணிடுச்சா!" மல்லிகாவின் கணவர் ஏகாம்பரம். ஐம்பது வயதிருக்கும், ஒட்டகம் மாதிரி உயரம். நான் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன். எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றது.

"பயந்துக்காதீங்கக்கா, அவரு கத்தலை. பேசிகினு இருக்காரு" என்றாள் மல்லிகா, தறியை விட்டு எழுந்து வந்து. "பதினாறு வயசுல விசைத்தறிக் கூடத்துல நின்னவரு. காது பாதி போயிடுச்சி. காது மிஷின் வாங்கிக் குடுத்தோம், மாட்டினா தலைவலிக்குதுன்னு கழட்டி வெச்சிட்டாரு. தன் கொரலு தனக்கே கேக்கலைன்னா மனுசன் இன்னா பண்ணுவாரு?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மரப்பாலத்துப் பெரியவர் ஞாபகம் வந்துவிட்டது. 'மெல்லப் பேசுங்கள் ஐயா' என்று சொல்லும்போதெல்லாம் அவர் தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்தார். அதைத் திமிர் என்று நினைத்தேன். இராத்திரி கேழ்வரகுக் களியும் காரக்குழம்பும் வைத்தார்கள். நல்ல ருசி. ஆனாலும் பாதியிலேயே கையைக் கழுவினேன்.

சேலை கைத்தறியில் மல்லிகாவின் கையில் இருந்தது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். முந்தி மட்டும் பாக்கி. சனிக்கிழமை முடிந்துவிடும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். நடுவில் மூன்று நாள் எனக்கு வேலையில்லை.

இரண்டாம் நாள் ஏகாம்பரம் என்னைத் தான் வேலை செய்யும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். எட்டு விசைத்தறி ஒரே நேரத்தில் ஓடுகிறது. காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் பாதம் வழியாக ஏறியது. நான்கு பேர் வேலை செய்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், கையால்.

அந்தக் கூடத்துக்குள் ஏகாம்பரம் வேறு மனுஷர். வெளியே கரடுமுரடாகக் கத்துகிறவர், உள்ளே விரல் நுனியால் பேசினார். கிண்டல் செய்தார். யாரையோ புறம் பேசினார். எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். உள்ளங்கையைத் தலையில் வைத்தால் முதலாளி வருகிறார். கட்டை விரல் உதட்டுக்குப் போனால் டீ. இரண்டு உள்ளங்கையும் கீழே அழுத்தினால் 'விடு, ஓடட்டும், தொடாதே'. விரலைக் கொக்கி போல வளைத்துத் தன் பக்கம் இழுத்தால் 'மெதுவா என் பக்கம் வா'. இரண்டு ஆள்காட்டி விரலையும் பெருக்கல் குறி மாதிரி வைத்துச் சடாரென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது, தறியை நிறுத்து. அதே இரண்டு விரலையும் ஒன்றோடொன்று முறுக்கிக் காட்டினால் அறுந்த நூலுக்கு முடி போட்டாச்சு, ஓட்டு.

"இதுல நூலு அறுந்தது மட்டும் உசுரு!" என்று வெளியே வந்து முழங்கினார். "அதைப் பார்த்தா ஏன்னு கேக்கக் கூடாது. கை தானா நிறுத்தணும். ஏன் எதுக்குன்னு நின்னா பொடவை போயிடும்!"

வழியில் ஒரு கடையில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் வாங்கித் தந்தார். அவர் ஆர்டர் சொன்னபோது பக்கத்து மேசைக் குழந்தை அழுதது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஊருக்கு அவர் குரல் பழகியிருந்தது.

முந்தின இரவு வேலையிடத்திலேயே தங்கிவிட்ட மகள் பவித்ரா அன்று சாயங்காலம் வந்தாள். விலங்கியல் படித்தவள். என்ன வேலை என்று கேட்டேன். அவள் சொன்னதும் கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறை. படவேட்டுக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில், புதிதாக வந்திருக்கும் ஒரு இயற்கைக் கல்வி மையத்தில் வழிகாட்டி. மூன்று மாதச் சோதனைக் காலம். சனிக்கிழமை முடிவு சொல்வார்கள். எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டு, கூப்பிட்டது இந்த ஒன்றுதான்.

"வெள்ளிக்கிழமை கடைசி டெஸ்ட்டுங்க பெரிம்மா. எங்க வீட்டாளுங்களையே விசிட்டரா கூட்டிகினு போய் சுத்திக் காட்டணும். ரெண்டு பேராவது வரணும். எங்க மேடம் பின்னாலயே வந்து நோட்டுல எழுதுவாங்க. வீட்டாளுங்கள ரூலுக்குள்ள வெச்சிக்கத் தெரிஞ்சாத்தான் வெளியாளுங்கள வெச்சிக்க முடியும்னு சொல்லுவாங்க."

எனக்கு அந்த மேடத்தின்மேல் உடனே மரியாதை வந்தது. பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தோன்றாத பரீட்சை. என் தங்கையையும் மச்சானையும் எங்கள் மரப்பாலத்தில் விதி மாறாமல் நடத்திக்காட்டு என்று யாராவது சொன்னால் நான் ராஜினாமா செய்துவிடுவேன்.

பவித்ரா விதித்தாளைக் கொடுத்தாள். பதினான்கு விதிகள். தொழில்காரப் பொறாமையோடு படித்தேன். பளிச்சென்ற நிறம் உடுத்தக் கூடாது. வழிகாட்டிக்கு முன்னால் போகக் கூடாது. நான்காவது, எதையும் தின்னவோ மெல்லவோ துப்பவோ கூடாது. ஐந்தாவது, பூ, சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் கூடாது. ஏழாவது விதிக்கு அடியில் கோடு போட்டிருந்தது: மஞ்சள் பலகைக்கு அப்பால் பேசக் கூடாது.

"அங்க பாறைக்கு அடியில மலைத்தேனீ கட்டியிருக்கு. பெரிய பெரிய அடை. சத்தம் போட்டா எழும்பிடும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நைனா வந்தா என் வேலை போச்சு, பெரிம்மா" என்றாள்.

தாழ்த்தவே வேண்டியதில்லை. அவருக்குக் கேட்காது. ஆனால் அவர் மகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உதடும் பார்க்கத் தெரியும். எழுந்து வெளியே போனார்.

அன்று நான் தூங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் வேண்டும். மல்லிகா வர முடியாது, என் சேலை தறியில் இருக்கிறது. அவள் ஒருநாள் எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் வெறும் கையோடு போக வேண்டும். ஆக நானும் ஏகாம்பரமும்தான். என் சேலையால் அந்தப் பெண்ணின் வேலை போகப்போகிறது என்று தோன்றியதும் எழுந்து உட்கார்ந்தேன். தைலம் தடவிக்கொண்டேன்.

வியாழக்கிழமை முழுவதும் ஒத்திகை. மெல்லப் பேசச் சொல்லிக் கொடுப்பது என் தொழிலாயிற்றே என்று நானே இறங்கினேன். "தொண்டையை விட்டுருங்க, காத்து மட்டும் வரட்டும்" என்றேன். ஏகாம்பரம் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "இது போதுமாக்கா?" என்றார். மதில்மேல் இருந்த காக்கைகள் பறந்தன. மல்லிகா தறியிலிருந்தே சிரித்தாள். பவித்ரா சிரிக்கவில்லை.

"வாய்ல வெத்தலை போட்டுக்கினா?" என்று கேட்டார்.

"ரூல் நாலு" என்றாள் பவித்ரா.

"சாக்லேட்டு?"

"அதுவும் நாலுதான் நைனா."

"அப்ப கர்ச்சீப்ப வெச்சி அடைச்சிக்கிறேன்!"

"நீ வராதப்பா! யாரையாவது பக்கத்து வீட்ல கேட்டுக்கிறேன், நீ வராத!" அவள் கத்திய பிறகுதான் தான் கத்தியது அவளுக்கே தெரிந்தது. ஏகாம்பரம் கோபப்படவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்திக் காட்டினார். விடு, ஓடட்டும். பிறகு தன் ஒரே நல்ல சட்டையை, மஞ்சள் பட்டுச் சட்டையை, ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, சாணி நிறத்தில் பழைய சட்டை ஒன்றைத் தேய்த்து அந்த ஆணியில் மாட்டினார். பளிச்சென்ற நிறம் கூடாதல்லவா. அவர் விதித்தாளைப் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. பவித்ரா அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பக்கத்து வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. பவித்ரா விடிகாலையிலேயே போய்விட்டாள். நாங்கள் பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மல்லிகா என் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தை நான் தெருமுனையில் எடுத்து ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் கொடுத்தேன். விதி ஐந்து. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

படவேட்டுப் பஸ் அபூர்வம். அன்று அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் வேறு. எலுமிச்சம்பழக் கூடை, வேப்பிலைக் கட்டு, ஆட்டம் போடும் ஒரு சேவல் எல்லாவற்றோடும் நின்றுகொண்டே போனோம். பாதி வழியில் டயர் போனது. "ஒரு பத்து நிமிசம்தாங்க" என்றார் கண்டக்டர். எங்கள் ஊரில் பஸ் நின்றால் எல்லோரும் போனை எடுத்து அதற்குள் புகுந்துகொள்வார்கள். இங்கே ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஏகாம்பரம் மட்டும் பேசவில்லை. வீட்டை விட்டு இறங்கியதிலிருந்தே அவர் வாயைத் திறக்கவில்லை. பழகிக்கொள்கிறாராம், கையால் சொன்னார். வெயிலும் டீசல் நாற்றமும் சேர்ந்து எனக்கு வாந்தி வரும்போல இருந்தது. மணி ஒன்பதரை. பையைத் திறந்து, நெற்றியிலும் கழுத்திலும் நாலு சொட்டு தைலம் தேய்த்துக்கொண்டேன். கொஞ்சம் தெளிந்தது.

கடைசிக் கொஞ்ச தூரம் ஆட்டோவில் போய், பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது இறங்கினோம். பவித்ரா பச்சைச் சீருடையில் வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் பொறுப்பாளர் மேடம், மார்போடு அணைத்த ஒரு நோட்டு. என் வயதுதான். என்னைப் போலவே கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள்.

மூலிகைத் தோட்டத்தின் நடுவில் நிறுத்தி விதிகளைப் படித்தாள் பவித்ரா. துளசியும் நொச்சியும் கற்பூரவல்லியும் வெயிலில் மணத்தன. "பூ, சென்ட், வாசனை எண்ணெய் ஏதாவது?" என்று கேட்டாள். வருடக்கணக்காக நான் கேட்கிற கேள்வி. "எதுவும் இல்லை" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே. ஏகாம்பரம் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் அரைமணி நேரம் நன்றாகப் போனது. கரையான் புற்று, ஆந்தையின் எச்சம், யானைக்காய்க் கொடி என்று அழகாகச் சொன்னாள். ஆனால் அவள் கண் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். தகப்பனின் வாயில். அவர் தும்மலுக்கு மூக்கைச் சுளித்தால்கூட அவள் வார்த்தை தடுமாறியது. பின்னால் மேடத்தின் பேனா கேட்டது.

மஞ்சள் பலகை வந்தது. பவித்ரா விரலை உதட்டில் வைத்தாள். முதலில் அவள், அடுத்து நான், பிறகு ஏகாம்பரம், கடைசியில் மேடம். இடது பக்கம் பாறை முன்னுக்கு நீண்டு கூரை மாதிரி நின்றது. அதற்கு அடியில் அடைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம், கறுப்பாக. பவித்ரா எங்கள் பக்கம் திரும்பியபடியே பின்னால் நடந்தாள். அப்பாவின் வாயிலிருந்து கண்ணை எடுக்கப் பயம்.

நான் பாறையைக் கடக்கும்போது அடைகளின்மேல் ஓர் அலை ஓடியது. கறுப்பு வெளுத்து மறுபடி கறுத்தது. தேனீக்கள் ஒன்றாக வயிற்றைத் தூக்கிக் காட்டுகின்றன. தொந்தரவானால்தான் அப்படிச் செய்யும். யாரும் சத்தம் போடவில்லையே என்று யோசித்தேன். கழுத்தில் சில்லென்று காற்று பட்டது. அதோடு வாசனையும் வந்தது. என் வாசனை.

என் கால் நின்றுவிட்டது. சொல்ல வேண்டும், சொல்ல முடியாது. இரண்டு தேனீக்கள் என் காதோரம் வந்துவிட்டன. உதவிக்கு ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, பாறையையும் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, மகளின் தலைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதைக்குக் குறுக்கே நீண்ட ஒரு புங்கங்கிளையில், ஆள் உயரத்துக்கு, குடம் அளவில் ஒரு கறுப்புக் கொத்து தொங்கியது. இடம் மாறும் கூட்டம் ஒன்று இளைப்பாற இறங்கியிருக்கிறது. முந்தின நாள் அது அங்கே இல்லை என்று பிறகு சொன்னார்கள். பவித்ராவின் முதுகுக்கும் அதற்கும் இரண்டு எட்டு இருக்கும்.

ஏகாம்பரத்தின் வாய் திறந்தது. பவித்ராவின் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது ஒரே பயம், அப்பா பேசிவிடப் போகிறார் என்பதுதான். 'வேணாம்' என்று தலையை ஆட்டியபடி இன்னொரு எட்டு பின்னால் வைத்தாள்.

அவர் வாயை மூடினார். கைகள் எழுந்தன. இரண்டு ஆள்காட்டி விரலும் குறுக்கே சேர்ந்து, சடாரென்று பிரிந்தன.

பவித்ராவின் கால் அந்தரத்தில் நின்றது. ஏன் என்று கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தக் கூடத்தில் வளர்ந்த பெண். கூந்தலுக்கு ஒரு கை அளவு பின்னால் கொத்து அசைந்துகொண்டிருந்தது. ஏகாம்பரம் இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்தினார். தொடாதே. பிறகு விரலைக் கொக்கியாக வளைத்துத் தன் பக்கம் இழுத்தார். அவள் ஒரு எட்டு வந்தாள். மறுபடி உள்ளங்கை, நின்றாள். மறுபடி கொக்கி, வந்தாள். எனக்கும் கை காட்டினார், வந்த வழியே போங்கள் என்று. அதற்கு எந்தக் கூடத்திலும் படிக்க வேண்டியதில்லை.

ஒரு தேனீ என் காதுக்குக் கீழே கொட்டியது. கண்ணில் நீர் வந்தது. கத்தவில்லை. நால்வரும் பலகைக்கு இந்தப் பக்கம் வந்து, இன்னும் நூறு அடி தள்ளிப் போன பிறகுதான் யாரோ மூச்சு விட்டார்கள்.

மேடம் மூக்கை உறிஞ்சினார். "தைலம் யாரு?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். என் வேலை என்ன என்று அவருக்குத் தெரியும், பவித்ரா பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். மேடம் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தப் பார்வையால் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொள்வது இதுதான் முதல் தடவை. நோட்டில் இரண்டு வரி எழுதினார். எழுதும்போதே வாய்விட்டுப் படித்தார். "விசிட்டர், வாசனைத் தைலம். வழிகாட்டி, பாதையைப் பார்க்கவில்லை." மூடினார். "நாளைக்குச் சொல்றேன்."

திரும்பும் பஸ்ஸில் பவித்ரா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல பெரிம்மா" என்றாள், பரவாயில்லாத குரலில். ஏகாம்பரம் இன்னும் பேசவில்லை.

"நைனா, இப்ப பேசலாம். பலகை எப்பவோ தாண்டிட்டோம்."

அவர் தலையை ஆட்டிவிட்டார். ஆரணி வந்து, தெரு வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் குரல் வந்தது. "நான் வாயத் தொறக்கலைல்ல? அதையாவது எழுதுனாங்களா?" எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றது. பவித்ரா அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, உள்ளே போய்த் தறியைப் பார்ப்பதுபோல நின்றேன். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை முதல் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மல்லிகா முந்தியின் கடைசி விரற்கடையை நெய்துகொண்டிருந்தாள். பதினோரு மணிக்குப் போன் அடித்தது. பவித்ரா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரெண்டு தப்பு எழுதியிருக்கேன். அது அழியாது" என்றார் மேடம். மல்லிகாவின் கால் மிதியில் நின்றது. "ஆனா நேத்து நீ ஏன்னு கேட்டுத் திரும்பியிருந்தேன்னா நாம நாலு பேரும் ஆஸ்பத்திரியில இருந்திருப்போம். நில்லுன்னா நிக்கிற வழிகாட்டி எனக்கு வேணும். திங்கக்கிழமை ஆர்டர் வாங்கிக்கோ. உங்கப்பாவையும் கூட்டிட்டு வா. அந்தக் கைப்பேச்சை எங்க ஆளுங்களுக்கு அவர் சொல்லிக் குடுக்கணும். வாயத் திறக்காம ஒருத்தரை நிறுத்த இங்க யாருக்கும் தெரியல."

ஏகாம்பரத்துக்குப் போன் குரல் எட்டவில்லை. "இன்னா சொல்றாங்க? இன்னா சொல்றாங்க?" என்று மகளைச் சுற்றி வந்தார். பவித்ரா அவர் பக்கம் திரும்பினாள். போனைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று முறுக்கிக் காட்டினாள். முடி போட்டாச்சு, ஓட்டு.

அவர் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சேலையோடு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "தைலமெல்லாம் வித்துடுச்சாம்மா?" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமையைப் பற்றி. வேலைக்குப் போனதும் போன வருடத்துப் பதிவேட்டை எடுத்தேன். என் கையெழுத்து. ஒரு பெயர், ஒரு போன் நம்பர், தொழில் என்ற இடத்தில் 'மரம் அறுக்கும் ஆலை, ஓய்வு', அதற்கு நேரே 'காரணம்: சத்தம்'. தொழிலைக் கேட்டு எழுதியிருக்கிறேன். எழுதியதைப் படிக்கவில்லை.

எங்கள் அலுவலகத்திலும் மெல்லத்தான் பேசுவோம். சுவரில் என் பலகையின் நகல் ஒன்று மாட்டியிருக்கிறது. நம்பரைப் போட்டேன்.

"ஹலோ!" போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அதே குரல்.

"ஐயா, வணக்கம். சதுப்புக் காட்டு மையத்திலிருந்து பேசுறேன்" என்றேன், என் வழக்கமான குரலில்.

"யாரும்மா? கேக்கலை!"

கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன். "கேக்கலைம்மா! சத்தமா பேசு!" என்றார். பக்கத்து மேசை மலாய்க்காரப் பெண் தலையைத் தூக்கி, என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டாள். நான் எழுந்து நின்றேன்.

"ஐயா! போன வருசம் உங்களையும் பேத்திங்களையும் பாலத்துலேருந்து அனுப்பினது நான்தான்! உங்களுக்குக் காது கேக்கலைன்னு எனக்குத் தெரியலை! கேட்டிருக்கணும், கேக்கலை! என்னை மன்னிச்சிருங்க!"

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் எழுப்பிய முதல் சத்தம். ஜன்னலுக்கு வெளியே இரண்டு கொக்கு எழுந்து பறந்தன. அலுவலகம் முழுவதும் என்னையே பார்த்தது. போனை மறுபடி காதில் வைத்தேன்.

"கேட்டுச்சும்மா" என்றார், அவருக்கு வரும் மெல்லிய குரலில், அதாவது பாதித் தெருவுக்குக் கேட்கும் குரலில். "பிள்ளைங்களை எப்ப கூட்டிட்டு வரட்டும்?"